தென்னைமரக் கால்சட்டையில் ஒரு துக்கம்

முன்பின் தெரியாத ஒருவரின் சாவில் நான் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். அப்போது நான் போட்டிருந்தது, மஞ்சளில் தென்னைமரம் அச்சடித்த அரைக்கால் சட்டை. பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட, நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வீடு மீஞ்சூரில். வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில். கார் கதவுக்குப் போடும் ரப்பர் பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் குனிந்து கறுப்பு ரப்பரையே பார்ப்பவனுக்கு உலகத்தில் நீலம், பச்சை எல்லாம் இருப்பது கைப்பேசியைத் திறந்தால்தான் நினைவுக்கு வரும். சாப்பாட்டு இடைவேளையில் நான் பார்த்ததெல்லாம் பயண வீடியோக்கள். முதுகில் பெரிய பையோடு ஒருவன் இடிந்த கோட்டைக்குள் நடப்பான். அடுத்த நிமிடம் ஏதோ ஒரு தீவில் வெயில் காய்ந்துகொண்டிருப்பான். அவனுக்கு ஷிப்ட் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது.

இயந்திரப் பராமரிப்புக்காக எங்கள் கம்பெனியை நான்கு நாள் மூடினார்கள். நானும் பயணி ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். இடிபாடு வேண்டும், தீவு வேண்டும், ஆனால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கும் வந்துவிட வேண்டும் (அம்மாவிடம் பொன்னேரியில் நண்பன் வீடு என்று சொல்லியிருந்தேன்). இந்த மூன்றும் ஒத்துவரும் ஒரே ஊர் பழவேற்காடு. பை, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் கிரீம், மேற்படி கால்சட்டை. கிளம்பிவிட்டேன்.

பொன்னேரியில் பஸ் ஏறும்போதே தூறல். வானம் எங்கள் ரப்பர் பட்டையின் நிறத்தில் இருந்தது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நின்றன. உள்ளே பெரிய பெரிய கல்லறைகளும் நனைந்த ஆடு ஒன்றும் இருந்தன. எழுத்துக்களைப் படிக்கத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் கப்பலேறி வந்து, தெரியாத ஊரில் செத்துப் போனவர்கள் என்பது மட்டும் புரிந்தது. தற்படம் எடுத்தேன். கறுப்புக் கண்ணாடியில் துளித் துளியாகத் தண்ணீரோடு, கண் வலிக்காரன் போல இருந்தேன். கோட்டை எங்கே என்று ஒருவரைக் கேட்டேன். அவர் முள்புதர் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார்.

சரி, தீவாவது பார்ப்போம் என்று ஏரிக்கரைக்குப் போனேன். எஞ்சின் படகு ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய ரோஜா மாலை.

“சுத்திப் பாக்க வர்றவங்கள ஏத்தறதில்ல தம்பி,” என்றார் படகுக்காரர். பிறகு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாவுக்கா வந்துகினு கீற?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். என் குற்றம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

“எங்கருந்து?”

“கும்மிடிப்பூண்டி.” (வேலை அங்கேதான். அதனால் உண்மை.)

“ஓ, கம்பெனி ஆளா?”

“ஆமா.” (அதுவும் உண்மை.)

“ஏறு, ஏறு. யப்பா, கம்பெனியில இருந்து ஆள் வந்துட்டாங்கப்பா!”

நடு ஏரியில்தான் விஷயம் தெரிந்தது. இறந்தவர் பெயர் ஏகாம்பரம். ஏரியில் மீன் சரியாகப் படாமல் போன பிறகு, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனவர். மாதத்துக்கு இரண்டு நாள்தான் தீவுக்கு வருவார். முந்தின நாள், கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எந்தக் கம்பெனி என்று என்னை யாரும் கேட்கவில்லை. இறங்கி ஓடலாம் என்றால் சுற்றிலும் தண்ணீர்.

கரையில் இறங்கியதும் ஒரு பெரியவர் என் கால்சட்டையைப் பார்த்தார். தன் தோள் துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார். துண்டுக்குக் கீழே இரண்டு தென்னைமரங்கள் எட்டிப் பார்த்தன. அந்தக் கோலத்தில் என்னைப் பந்தலுக்குள் கூட்டிப்போய் முன்வரிசையில், ஏகாம்பரத்தின் தலைமாட்டிலேயே உட்காரவைத்தார்கள். மெலிந்த மனிதர். முகத்தில் இன்னும் டியூட்டி பார்ப்பது போன்ற ஒரு கவனம். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவருடைய ஒரே மகள் கோமதி. இருபது வயதிருக்கும். யாரோ சொல்லி, எழுந்து என்னிடம் வந்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அண்ணா, எங்க நைனா அங்க வேளைக்குச் சாப்டுச்சா?”

“சாப்ட்டாரும்மா.”

“என்னப் பத்தி எதுனா சொல்லுச்சாண்ணா? ரெண்டு வாரமா நான் அதுங்கூடப் பேசல. போன் பண்ணா கட் பண்ணிகினே இருந்தேன். முந்தாநாளுகூடப் பண்ணுச்சு.”

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது சரியாக ஒரு நொடி இருந்தது. இன்றைக்கும் அந்த நொடியை நினைத்தால் காது சுடுகிறது. நான் சொன்னேன்: “உன்னப் பத்திதாம்மா பேசிகினே இருப்பாரு. கோவம்லாம் ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு, எம் பொண்ணுன்னுதான்.”

கோமதி அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். என் பொய்யை ஒரு கிழவி அப்படியே ஒப்பாரியில் சேர்த்துவிட்டாள். எம் பொண்ணு எம் பொண்ணுன்னு ஏங்கினியே என்று இழுக்க, மொத்தப் பந்தலும் அழுதது. நானும் அழுதேன். நடிப்பு இல்லை. பயமும் வெட்கமும் துக்கமும் ஒன்றாகக் கலந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். பூசியிருந்த கிரீம் கண்ணில் இறங்கி எரிந்ததும் ஒரு காரணம்.

அப்போது அடுத்த படகு வந்தது. வாட்ச்மேன் சீருடையில் மூன்று பேர் மாலையோடு இறங்கினார்கள்.

“ஏகாம்பரண்ணன் ஊடு எதுங்க? கம்பெனியில இருந்து வர்றோம்.”

பந்தல் முழுக்க என் பக்கம் திரும்பியது. துண்டு கட்டிவிட்ட பெரியவர்தான் கேட்டார்: “அப்போ நீ யாருப்பா?”

“சும்மா… சுத்திப் பாக்க வந்தேங்க.”

ஒரு ஆள் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கோமதி எழுந்து அந்த மூவரிடம் போயிருந்தாள். என்னைக் கேட்ட அதே கேள்வியை அவர்களிடம் கேட்டாள்.

மூவரில் மூத்தவர் சங்கடத்தோடு தொப்பியைக் கழற்றினார். “அவரு ஜாஸ்தி பேச மாட்டாரும்மா. தான் உண்டு, தன் வேலை உண்டுன்னு இருப்பாரு. பொண்ணு ஒண்ணு கீதுன்னே எங்களுக்கு இப்பத்தான் தெரியும்.”

கோமதி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஆள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அடக்கம் முடியும்வரை படகு கிளம்பாது என்றார்கள். போக்கிடம் இல்லாமல் நானும் கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். வழி முழுக்கச் சேறு. பாதி வழியில் பாடை தூக்கிய ஒருவர் வழுக்கி விழ, “டேய், சுத்திப் பாக்க வந்தவனே, தோள் குடு!” என்று அதட்டினார் பெரியவர். பாடை தூக்கிய மற்ற மூவரும் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். நான் குள்ளம். பாடை என் பக்கமாகச் சாய்ந்து, ஏகாம்பரத்தின் பாரமெல்லாம் என் கழுத்தில் இறங்கியது. மனிதர் பார்க்கத்தான் மெலிவு. அவ்வளவு தூரமும் மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டபடியே நடந்தேன்.

குளித்துவிட்டு, ஈரத் துணியோடு படகுக்குப் போனேன். கரையோரம் கோமதி நின்றிருந்தாள்.

“ஏண்ணா அப்டிச் சொன்ன?”

“நீ கேட்டியேம்மா…”

“கேட்டா சொல்லிடுவியா?”

நான் படகில் ஏறிக்கொண்டேன். படகு கிளம்பியது. அன்றைக்கு முதன்முறையாக வெயில் அடித்தது. தீவும் தண்ணீரும் வீடியோவில் வருவது போலவே பளபளத்தன. நான் படம் எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததுமே அம்மா, “உள்ள வராத! சாவு ஊட்டுக்குப் போனியா? யாருடா செத்தது?” என்று கத்தினாள். “நமக்குத் தெரிஞ்சவங்க இல்லம்மா,” என்றேன். “தெரியாதவங்க சாவுக்கு இன்னாத்துக்குடா போன, அதுவும் இந்த டவுசரப் போட்டுகினு?” என்று கேட்டபடியே என் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

பத்து வருடம் ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் இன்றும், “யாரு சாவுக்கு?” என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க அழைத்துப்போன இடத்தில் என் தங்கை முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான். அங்கே காப்பித் தட்டோடு நின்று சிரித்தவள்தான் இப்போது என் மனைவி. தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, “எங்க வேணா போலாம், தெரிஞ்சவங்க யாராவது செத்திருக்கணும்” என்றாள்.

கால்சட்டை, துண்டு, கிரீம், சாய்ந்த பாடை எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். கோமதி என்று ஒருத்தி இருந்ததை மட்டும் வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.