காளை உடைத்த இண்டிகேட்டர்

இந்த ஒரு விஷயத்திலாவது தன் சொல்தான் நிற்க வேண்டும் என்று அருணகிரி காலையில் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டான். வாய் கொப்பளிப்பதற்குள் அந்த முடிவில் பாதி கரைந்துபோனது வேறு கதை. மீதிப் பாதியை விழுங்காமல் காப்பாற்றிக்கொண்டு வந்தானே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் பெரிதில்லை. பைக்குக்கு இண்டிகேட்டர் மாற்ற வேண்டும்.

பைக் என்றால் சாதாரண பைக் இல்லை, க்ரூஸர். ஏறி உட்கார்ந்தால் கால் முன்னால் நீளும், முதுகு பின்னால் சாயும். போகிறவன் ஜமீன்தாரா, சவரத்துக்கு உட்கார்ந்தவனா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அருணகிரிக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. வேங்கிக்காலில் ஓர் ஆபீஸில் தபால் பிரிக்கிற வேலை அவனுக்கு. அங்கே எல்லோருக்கும் "எஸ் சார்." அடி அண்ணாமலையில் இருக்கிற வீட்டுக்கு வந்தால் மனைவி எழிலரசிக்கு "சரிம்மா." நடுவில் அந்த வண்டிமேல் இருக்கிற நேரம் மட்டும்தான் அவன் ராஜா.

ராஜாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையை இடப்பக்கம் விட்டு வண்டி ஓட்டமாட்டான். காலையில் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஆபீஸ் போவான். சாயங்காலம் வந்த வழியே திரும்பினால் மலை இடப்பக்கம் வந்துவிடுமே என்று, ஊரைத் தாண்டி மீதிப் பாதையையும் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். தினம் ஒரு கிரிவலம். பெட்ரோல் ஜாஸ்தி, புண்ணியமும் ஜாஸ்தி. இப்படி வலப்பக்கமாகவே வளைந்து வளைந்து, வண்டிக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அதனால்தான், கிரிவலப் பாதையில் திரிகிற காளை ஒன்று வாசலில் நின்ற வண்டியில் முதுகைச் சொறிந்துகொண்டு, இடப்பக்கத்து இண்டிகேட்டர் இரண்டையும் உடைத்துவிட்டுப் போனபோது அவன் பதறவில்லை. காளையைத் திட்டவும் இல்லை. நந்தி வம்சம். திட்டினால் மேலிடத்தில் போய்ச் சொல்லிவிடும்.

"ரைட்டு பக்கம் இருக்குதுல்ல எழிலு, அது போதும். நான் எங்க லெப்ட்ல திரும்பறேன்?"

"தினம் சாயங்காலம் நம்ம வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பறீங்க?"

அருணகிரி யோசித்தான். மலை வலப்பக்கம் என்றால், எதிரே இருக்கிற வீடு இடப்பக்கம். கல்யாணமான நாளிலிருந்து இடது பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறான். ஒரு நாளும் லைட் போட்டதில்லை.

"வீடுதானே? அது வண்டிக்கே தெரியும்."

"வண்டிக்குத் தெரியுங்க. பின்னாடி வர்ற வேன்காரனுக்கு?"

எழிலரசி சும்மா கேட்கிறவள் இல்லை. வீட்டு முன்பக்கத்தில் அவளுக்கு ஒரு கடை. மலை சுற்ற வருகிறவர்களுக்கு மோர், எலுமிச்சை ஜூஸ், தண்ணி பாட்டில். எந்த ஊர் வேன் என்ன வேகத்தில் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் ஆனால் அவள் கை எலுமிச்சையைப் பிழியும், கண் மட்டும் ரோட்டில் இருக்கும். அந்தக் க்ரூஸர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் சர்க்கரை சரியாகப் போடுவாள்.

சரி, மாற்றிவிடுவோம் என்று அருணகிரி டவுனில் மெக்கானிக் வேடியப்பனின் கடைக்குப் போனான். வேடியப்பன் இரண்டு தினுசு எடுத்துக் காட்டினான். ஒன்று, உருண்டையாக, பெரிதாக, ஆரஞ்சுப் பழத்தைப் பாதியாக அரிந்து கவிழ்த்த மாதிரி. இன்னொன்று, புகை படிந்த கருப்பில், ஒல்லியாக, வற்றல் மிளகாய் மாதிரி. மிளகாயைப் பார்த்ததும் அருணகிரிக்கு மூச்சு நின்றுவிட்டது.

"இதையே நாலு பக்கமும் மாட்டுப்பா."

"அக்காவைக் கேட்டுட்டீங்களா சார்?"

"வண்டி யாருது?"

"உங்களுதுதான் சார். அதான் கேக்கறேன். போன தபா சீட் கவர் மாட்டினதும் நான்தான், மறுநாள் கழட்டினதும் நான்தான்."

அருணகிரி இரண்டையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினான். கிரிவலப் பாதையில் எம லிங்கத்தைத் தாண்டும்போது ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. எந்த லிங்கத்துக்கு முன்னால் உதிக்கிறது என்று அவன் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

யோசனை இதுதான். அவன் எதைக் கேட்டாலும் எழிலரசி வேறொன்றைச் சொல்வாள். சுவருக்குப் பச்சை கேட்டான், வெள்ளை அடித்தது. கட்டில் கேட்டான், பீரோ வந்தது. அப்படியென்றால் ஆரஞ்சைக் கேட்க வேண்டியது. அவள் வேண்டாம் என்பாள். மிளகாய் தானாக வந்து சேரும்.

ராத்திரி சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்பே போனை நீட்டினான்.

"எழிலு! எனக்கு இந்தப் பெரிய ஆரஞ்சுதான் வேணும்! இதைத்தான் மாட்டப் போறேன்! யார் என்ன சொன்னாலும் சரி!"

எழிலரசி படத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ரசத்தை ஊற்றினாள்.

"மாட்டிக்கங்க. நல்லாத்தான் இருக்குது."

அருணகிரி போனை இன்னும் கிட்டக் கொண்டுபோய் நீட்டினான்.

"நல்லா பாத்தியா? ரொம்பப் பெருசா இல்ல?"

"பெருசா இருந்தாத்தானேங்க தெரியும்."

"ஆபீஸ்ல சிரிப்பாங்களோன்னு..."

"யார் என்ன சொன்னாலும் சரின்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"இல்ல, உனக்குப் புடிக்கலன்னா விட்டுடலாம். உன் மனசு கஷ்டப்படக் கூடாது பாரு."

"எனக்கு என்னங்க கஷ்டம்? உங்க வண்டி, உங்க இஷ்டம். ஆம்பள ஆசையா ஒண்ணு கேக்கறீங்க, நான் குறுக்க நிப்பேனா?"

முதல் தடவையாக அந்த வீட்டில் அவன் சொல் நின்றது. அதன் அடியில் அவன் நசுங்கிக் கிடந்தான்.

மறுநாளே நான்கு ஆரஞ்சுகளும் வண்டியில் ஏறின. ஆபீஸ் வாசலில் ரேவதி மேடம் பார்த்துவிட்டு, "என்ன அருணகிரி, தேரா? வடம் பிடிக்க ஆள் வேணுமா?" என்று கேட்டார். அவன் "எஸ் மேடம்" என்றான். பழக்கம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம். மழை தூறிக்கொண்டிருந்தது. அருணகிரி வீட்டருகே வந்து, வாங்கியதை வீணாக்குவானேன் என்று இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினான். முதுகுக்குப் பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், பக்தர்கள் நிறைந்த வேன் ஒன்று ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ்! அந்த ஆரஞ்சு லைட்டு மட்டும் கண்ணுல படலன்னா, இந்நேரம் நீ மலையை மேலேர்ந்து சுத்திக்கிட்டு இருப்ப!"

வேன் போய்விட்டது. அருணகிரி வண்டியை எப்படியோ வாசலில் நிறுத்திவிட்டுக் கடைப் பலகையில் உட்கார்ந்தான். எழிலரசி ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். கை மாறும்போது பாதி அவன் சட்டையில் கொட்டியது. கொட்டியது யார் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு நெஞ்சு தாங்கவில்லை.

"எழிலு, ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஆசை அந்தக் குட்டி லைட்டு மேலதான்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"அன்னிக்குச் சாப்பிடறதுக்கு முன்னாடி, அந்தக் குட்டி லைட்டுப் படத்தை விரலால பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே. வேன்காரன் எந்த விரலால பெருசு பண்ணிப் பாப்பான்?"

அருணகிரி சட்டையில் கொட்டிய மோரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அதுவும் இல்லாம, நெஜமா ஆசைப்பட்டா உங்க குரல் கம்மியாயிடுங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ 'புடிச்சிருக்கு'ன்னு சொன்னீங்க பாருங்க, பக்கத்துல உக்காந்திருந்த உங்க மாமாவுக்கே கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. இந்த லைட்டுக்கு மட்டும் அந்தக் கத்து கத்தினீங்க. அப்பவே புரிஞ்சுடுச்சு, இது வேணாங்கற குரல்னு."

அருணகிரிக்குக் கண் கலங்கியது. ஆபீஸில் உரக்கச் சொன்னாலே யார் காதிலும் ஏறாத மனுஷன் அவன். அவன் முணுமுணுப்பைக்கூட ஒருத்தி இத்தனை வருஷமாக எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறாள். உயிரையும் காப்பாற்றி, மோரும் கொடுத்திருக்கிறாள். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

யோசித்துப் பார்த்ததில், ஒன்று வேண்டும் என்று தோன்றியது. இவ்வளவு கனிந்த நேரம் மறுபடி வாய்க்காது. குரலைத் தணித்து, கிட்டத்தட்ட மூச்சாகவே விட்டான்.

"எழிலு... வண்டிக்கு ரெண்டு பக்கமும் தொங்கவிட... ஒரு தோல் பை..."

"என்னாங்க? காதுல விழல."

"தோல் பை எழிலு."

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்."

"தோல் பை! எனக்குத் தோல் பை வேணும்!"

பாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு சாமியார் நின்று திரும்பிப் பார்த்தார். எழிலரசி நிதானமாக ஓர் எலுமிச்சையை எடுத்து இரண்டாக நறுக்கினாள்.

"இவ்ளோ சத்தமா கேக்கறீங்களே... அப்ப உங்களுக்கு வேணாம்னுதானேங்க அர்த்தம்?"