விற்கப்போகிற வீட்டில் குடியிருப்பவர்

மனிதர்களில் சொந்த வீட்டில் குடியிருப்பவர் உண்டு, வாடகை வீட்டில் குடியிருப்பவர் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? வீடு அவர் பெயரில்தான் இருக்கும். ஆனால் அதை என்றைக்கோ வாங்கப்போகிற யாரோ ஒரு புண்ணியவானுக்காக, சம்பளமில்லாக் காவலாளியாக அவர் அதில் தங்கியிருப்பார். தலைநகரை ஒட்டிய எங்கள் பெக்காசியில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழவேண்டும். எங்கள் தெருவில் விழுந்தால் பாக் ஹெந்தார்த்தோ மேல். ‘பாக்’ என்றால் எங்கள் ஊரில் ‘ஐயா’.

ஒன்பது வருஷமாக அவர் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததில்லை. விருந்தாளி எழுந்தால் உறையும் கூடவே கொஞ்ச தூரம் வரும். வாசலில் மாங்கன்று வைக்கலாமே என்றால், வாங்குகிறவருக்கு மாம்பழம் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பார். காலையில் எழுந்ததும் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அவர் நெடுஞ்சாலை இருக்கும் திசையைப் பார்ப்பார். சுங்கச்சாலைக்கு எங்கள் பக்கம் ஒரு வாயில் திறக்கப்போகிறது என்பது அவர் நம்பிக்கை. "அடுத்த வருஷம் பாருங்க, விலை ரெண்டு மடங்கு!" இதை ஒன்பது அடுத்த வருஷங்களாகச் சொல்லிவருகிறார். மழையில் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றால்?

"வெள்ளமா? யாரு சொன்னது? தண்ணி சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகுது. மெதுவாப் பேசுங்க, விலைக்குக் காது கேக்கும்."

தெருவே சிரிக்கும். சிரிக்காத ஒரே ஆள் அவர் மனைவி வுர்யானி. எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளில் கம்பெனிக்காரர்கள் வீட்டைக் கட்டித் தருவார்கள், சமையலறையைக் கட்டித் தரமாட்டார்கள்; பின்பக்கம் வெறும் மண்ணை விட்டுவிட்டு, இனி உங்கள் பாடு என்று போய்விடுவார்கள். மற்றவர்கள் முதல் வருஷமே கட்டிக்கொண்டார்கள். வுர்யானி மட்டும் ஒன்பது வருஷமாக நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சோயாக்கட்டி டெம்பே பொரிக்கிறாள். மழை வந்தால் ஒரு கையில் கரண்டி, மறு கையில் குடை. கேட்டால், "வாங்குறவங்க அவங்க இஷ்டப்படி கட்டிக்கட்டுமே!" என்பார் கணவர். அந்தப் பெண்மணி நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. நனையாமல் சமைக்க ஓர் இடம் கேட்டாள். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் நேராகப் பின்பக்கம் போனாள்.

"சமையலறை எங்கே?"

"அதை நீங்களே உங்க ரசனைப்படி..."

"ஒன்பது வருஷம் இருந்திருக்கீங்க. சாப்பிடவே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போயே போய்விட்டாள்.

மறுவாரமே கொத்தனார் வந்தார். வெள்ளைக் கல் மேடை, வெள்ளை ஓடு, நாலு பர்னர் அடுப்பு. மூன்று வாரம் வுர்யானி சிமெண்டுத் தூசியைச் சந்தனம் போலப் பூசிக்கொண்டு வளையவந்தாள். வேலை முடிந்த அன்று சட்டியோடு உள்ளே நுழையப் போனாள். ஹெந்தார்த்தோ வாசலை மறித்தார்.

"எங்கே வர்றே?"

"சமைக்கத்தாங்க."

"பெரிய வீடுகள்ல ரெண்டு சமையலறை உண்டு, தெரியுமில்ல? காட்டுறதுக்குச் சுத்தமானது ஒன்னு, சமைக்கிறதுக்கு அழுக்கானது ஒன்னு. இது சுத்தமானது."

"அழுக்கானது எங்கே இருக்கு?"

அவர் தார்ப்பாயைக் காட்டினார்.

வுர்யானி மதில் ஓரம் நின்று அழுதாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சுமார்னி. அவள் வாய்க்கு எங்கள் தெருத் தலைவரே பயப்படுவார். அன்று சாயங்காலமே நாலு பேர் முன்னால் ஹெந்தார்த்தோவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பாக், புது அடுப்பங்கரைக்கு சலாமத்தான் எப்போ?"

புதிதாக எதைக் கட்டினாலும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிப் பிரார்த்தனை செய்து, கோபுரமாகக் குவித்த மஞ்சள் சோறு போடவேண்டும்.

"அதெல்லாம் எதுக்கு இப்போ..."

"வேணாம்னா வேணாம். ஆனா சலாமத்தான் செய்யாத வீட்டை எவன் வாங்குவான்? நாங்களா வாயைத் திறக்க மாட்டோம். வாங்க வர்றவங்க கேட்டா மட்டும் பொய் சொல்ல முடியாது பாருங்க!"

விலை சம்பந்தப்பட்ட பேச்சு. தட்டமுடியுமா?

"ஒரே ஒரு நாள்தான்!" என்றார்.

ஒரு நாள் போதாதா? தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வெள்ளை அறையில் இறங்கினார்கள். மஞ்சள் அரைத்தார்கள், தேங்காய்ப்பால் பொங்கி வழிந்தது, இறால் விழுது வதங்கிய வாசனை ஓட்டிலும் சுவரிலும் ஏறி, இனி இதுதான் என் வீடு என்று உட்கார்ந்துகொண்டது. விருந்து முடிந்ததும் ஹெந்தார்த்தோ எலுமிச்சையை வைத்துத் தேய்த்தார், சோப்பை வைத்துத் தேய்த்தார். மேடையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. அசையவில்லை.

"போச்சு," என்றார். "இனிமே இது புதுசு இல்லை. பழசுன்னுதான் விலை கேப்பாங்க."

வுர்யானி தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே திரும்பினாள்.

"பழசாயிடுச்சா? அப்ப நாளைக்கு என்னங்க சமைக்கட்டும்?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் டிவி ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் கண்ணாடி அலமாரிக்குள் இன்னும் யாரோ ஒரு பெரிய மனுஷருக்காகக் காத்திருக்கின்றனவா? அவர் வரமாட்டார். வந்தாலும், "எனக்குச் சர்க்கரை, டீ வேண்டாம்" என்பார்.