சாட்சி மாமி எங்கள் வீட்டில் சாப்பிட்ட கதை

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தைப் பொறுத்தவரை, சாட்சி மாமி கண்ணால் பார்க்காத எதுவும் நடந்ததாகவே அர்த்தமில்லை. வெளியே மழையா என்று கேட்டால் பால்கனிக்குப் போய்க் கையை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பாள். கல்யாணங்களில் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தாலி முடிச்சைச் சரிபார்ப்பாள். வாடகைப் பத்திரமோ லக்னப் பத்திரிகையோ, மாமியின் கையெழுத்து விழாமல் யாருக்கும் மனம் நிறையாது.

அம்மா இல்லாத எங்களை வளர்த்த அப்பா, உயில் எழுதியபோதும் மாமிதான் ஒரு சாட்சி. படிக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

"படிக்காம கையெழுத்துப் போட நான் என்ன மந்திரியா?" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் படித்தாள். அப்பா செம்பூரில் வாங்கிப்போட்டிருந்த வீடு எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. என் பங்கு என் படிப்புக்கு.

அப்பா காலமானதும் கல்யாண் ஊரிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்களோடு வந்து தங்கினார்கள். உயில் என்று ஒன்றும் கிடையாது என்றார் பெரியப்பா. உயில் இல்லாவிட்டால் அந்தக் காலச் சட்டப்படி வீடு முழுவதும் தம்பிக்குத்தான். பெண்ணுக்குக் கொடுத்தால் சொத்து வேறு கோத்திரத்துக்குப் போய்விடுமே என்பது அவர் கவலை. பாலக்காட்டில் எனக்கு வரன்கூடப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

மாமி வந்து உயிலைக் கேட்டாள். "மாமி ஏதாவது சொப்பனம் கண்டிருப்பேள்" என்று பெரியப்பா சிரித்தார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார்.

மறுநாள் காலை, உயிலைக் கண்ணால் பார்க்காமல் நகர்வதில்லை என்று மாமி தலையணையோடு எங்கள் கூடத்துக்குக் குடிவந்துவிட்டாள். நாடே உண்ணாவிரதம் இருந்த காலத்தில் மாமி வேளை தவறாமல் சாப்பிட்டாள். யுத்தத்தால் அரிசிக்கு ரேஷன். தன் கார்டை அவள் கொண்டுவரவில்லை. ரசம் பிரமாதம் என்று புகழ்ந்து, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்பாள். பெரியம்மா சர்க்கரையை ஒளித்துவைத்தபோது, வெல்லக் காப்பிதான் உடம்புக்கு நல்லது என்று இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தாள். நியாயம் கேட்கிறவர்கள் பட்டினியல்லவா கிடப்பார்கள் என்று பெரியப்பா குத்திக்காட்டினார்.

"பட்டினி கெடந்தா சாட்சிக்குத் தலை சுத்தும், அண்ணா. அப்பறம் கோர்ட்ல என்னன்னு சொல்றது?" என்று மோருக்குக் கை நீட்டினாள் மாமி.

அரிசி டின்னின் அடி தெரிந்த அன்று, பெரியப்பாவின் இலையில் சாதம் இருக்க வேண்டிய இடத்தில் டிரங்குப் பெட்டிச் சாவியை வைத்தாள் பெரியம்மா. அடுத்த நிமிஷமே பழைய வேஷ்டிகளுக்கு நடுவில் உயில் அகப்பட்டது. எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவர் பெரியப்பாதான்.

கோர்ட்டுக்கு நானும் மாமியோடு போனேன். கையெழுத்து அவளுடையதா என்றுதான் கேட்டார்கள். மாமி உயிலை முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தாள். அவளை நிறுத்துவதற்குள் வக்கீலுக்கு வியர்த்துவிட்டது. உயில் செல்லும் என்று ஆயிற்று. நான் காலேஜுக்குப் போனதும் அந்தச் செம்பூர் வீட்டுப் பாதியால்தான்.

அன்று கோர்ட்டிலிருந்து திரும்பும்போது லோக்கல் ரயிலில் மாமியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தால், மாட்டுங்கா எப்போதோ போய், வண்டி குர்லாவில் நிற்கிறது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன்.

மாமி மரத்துப்போன தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "அப்பா போனதுலேர்ந்து இன்னிக்குத்தானேடி நீ தூங்கினே" என்றாள்.