அறுபத்தொரு குங்குமப் பொட்டுகள்

எதையும் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் இரண்டு வகை. முதல் வகையினருக்கு அந்தப் பொருள் வீட்டில் இருப்பதே தெரியாது. இரண்டாம் வகையினருக்கு அது எந்தக் கிழமை, எந்தக் கடையிலிருந்து, யார் குடையில் நனையாமல் வந்தது என்பது வரை தெரியும். நான் இரண்டாம் வகை. மைசூர் விஜயநகரில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். எங்கள் ஷெட்டில் கிடக்கும் சைக்கிள் டயர் என்றைக்குப் பஞ்சர் ஆனது என்று கேளுங்கள், சொல்வேன். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். (வசந்தா அதைத்தான் கேட்பாள்.)

வசந்தா என் மனைவி. வீட்டு வரைபடத்தில் பின்பக்கத்து அறைக்கு 'தையல் அறை' என்று இஞ்சினியர் எழுதியது அவள் சொல்லித்தான். கல்யாணத்துக்கு அவள் அம்மா வாங்கிக் கொடுத்த மிதி மிஷினை அங்கே போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லித் தரவேண்டும் என்பது அவள் ஆசை. குடிவந்த மறு வாரம், மீந்துபோன டைல்ஸ் பெட்டிகளை "ஒரு பத்து நாளைக்கு" என்று அந்த அறையில் இறக்கினேன். அந்தப் பத்து நாள் பத்தொன்பது வருடம் நீடித்தது. டைல்ஸுக்குத் துணையாக உடைந்த ஃபேன், ஒற்றைக் கதவு, ஓட்டை பக்கெட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. இடமில்லாமல் மிஷின்தான் ஷெட்டுக்குப் போனது. கொல்லையில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து, ஷெட்டுக்குப் போகும் வழியையும் மூடியது.

நான்கு தசராவுக்கு முன்னால், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வசந்தா சொன்னாள்:

"ஏழு பேர் சேர்றேன்னு சொல்லியிருக்காங்க. விஜயதசமி அன்னைக்கு ஆரம்பிக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன். ரூம் காலியாகலைன்னா அவங்க வேற டீச்சரைப் பாத்துப்பாங்க. அதுக்கப்புறம் நான் இதைப் பத்திப் பேசவே மாட்டேங்க."

பத்தொன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருந்தவள் இனிப் பேசமாட்டேன் என்கிறாள். அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. வசந்தாவும், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் நித்யாவும் பூ வாங்க தேவராஜா மார்க்கெட்டுக்குப் போனார்கள். திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்து அசத்திவிடுவது என்று தீர்மானித்தேன். ஆறு நாற்பதுக்குக் களத்தில் இறங்கினேன்.

எனக்கு ஒரு முறை உண்டு. நான் வேலை பார்த்தது ஒரு அரசு அலுவலகத்தின் ஸ்டோரில். அங்கே பயன்படாதவை என்று முடிவான சாமான்களுக்குச் சிவப்புப் பெயின்ட்டில் அடையாளம் வைப்போம். அதே முறை. கழிப்பவற்றுக்குச் சிவப்பு, வைத்துக்கொள்பவற்றுக்கு ஒன்றும் வேண்டாம். பழைய இரும்பு எடுக்கும் மாதேசனுக்கு முதல் நாளே போன் செய்திருந்தேன். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் ஆள், ஹூட்டகள்ளியில் கடை.

"எதெது எடுக்கோணும்னு சொல்லுங்க சார்."

"நான் உள்ள எழுத்து வேலையா இருப்பேன் மாதேசா. அடையாளம் வெச்சிருப்பேன், பாத்தாலே தெரியும்."

"அப்ப செரிங்க, பாத்துக்கறனுங்க."

சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தால் உள்ளே செங்கல் போல இறுகிக் கிடந்தது. (அதை வாங்கிய தேதியும் நோட்டில் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.) வீட்டில் சிவப்பாக வேறு என்ன உண்டு என்று தேடினேன். பூஜை அலமாரியில், ஆயுத பூஜைக்காக வாங்கிய குங்குமம் இருந்தது. தேங்காயெண்ணெயில் குழைத்தேன். அருமையான சிவப்பு.

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்த இடத்திலேயே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அலமாரி நிறைய நோட்டு வைத்திருப்பவனுக்கு மூளையும் நிறைய இருக்கும் என்று யாரும் நம்பவேண்டாம்.

பார்த்தீனியத்தை வெட்டி வழி செய்தேன். எறும்பு கடித்தது, தும்மல் பிடித்தது, இடுப்பு ஒருமுறை 'களுக்' என்றது. ஒன்பதே முக்காலுக்கு, கேட்டிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர் வரை நடைபாதையில் அறுபத்தொரு உருப்படிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் (நெற்றி இல்லாதவற்றில் உத்தேசமாக ஓர் இடத்தில்) கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. முதல் பொட்டு, விரிசல் விட்ட கமோடு மூடிக்கு. எதிர்ப்புறம் ஹொங்கே என்கிற புங்கை மரத்தடியில், தூசி தட்டித் துடைப்பதற்காக ஏணி, பூவாளி, மண்வெட்டி, நடுவில் வசந்தாவின் மிஷின். அவற்றில் பொட்டு இல்லை.

உள்ளே போய் ஃபேனைப் போட்டு, கழிவுப் பட்டியலைச் சுத்தமாகப் படியெடுக்க உட்கார்ந்தேன். பத்து பத்துக்குச் சரக்கு ஆட்டோ வந்து நின்றது. இரும்பு மேல் இரும்பு விழும் சத்தம். காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. நாற்பத்து மூன்றாம் எண்ணில் 'ஓட்டை பக்கெட், நீலம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்டோ போய்விட்டது.

வெளியே வந்தேன். அறுபத்தொன்றும் அப்படியே நின்றன. பக்கத்து வீட்டு சாரதம்மா, பூக்கூடையோடு கமோடு மூடியின் முன்னால் நின்றிருந்தார். அதன் மேல் ஒரு சாமந்திப் பூ.

"ஏன் சார், ஈ சல பூஜே பேகனே முகீத்தா?" இந்த முறை பூஜை சீக்கிரமே முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். கண்களில் பக்தி.

மெல்லத் திரும்பி ஹொங்கே மரத்தடியைப் பார்த்தேன். மிஷின் நின்ற இடத்தில் நான்கு கால் தடங்கள் மட்டும் இருந்தன.

சரியாக அப்போதுதான் ஆட்டோவிலிருந்து வசந்தாவும் நித்யாவும் இறங்கினார்கள். நித்யா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"ஏன்ப்பா இது? டாய்லெட் மூடிக்கு ஆயுத பூஜையா?"

வசந்தா திறந்து கிடந்த ஷெட்டையும் என் சிவந்த கட்டைவிரலையும் பார்த்தாள்.

"மிஷின் எங்கங்க?"

சொன்னேன். "பொட்டு வெச்ச சாமானை எவனாவது பழைய இரும்புல போடுவானா?" என்றாள். அவ்வளவுதான். குரல் உயரவில்லை. பூப்பையை நித்யாவிடம் கொடுத்துவிட்டு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஹூட்டகள்ளி வரை பன்னிரண்டு நிமிடம். பழைய இரும்பை உடைத்துத்தான் லாரியில் ஏற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதை, என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் சொல்லின.

கடை வாசலில் எங்கள் ஏணி நின்றது. பக்கத்திலேயே மிஷினின் மரப்பலகை தனியாக, இரும்புக் கால் தனியாகக் கழற்றிக் கிடந்தன. வசந்தா அங்கேயே நின்றுவிட்டாள். மாதேசன் கையில் ஸ்பேனரோடு வந்தான்.

"வாங்க சார். சாமி கும்புட்ட சாமானெல்லாம் தொடாம, மிச்சத்தப் பாத்து எடுத்தாந்துட்டனுங்க. நாங்க மாதப்பன் மலைக்கு மால போடறவங்க, பொட்டு வெச்சத ஒடைக்க மாட்டோமுங்க."

"மேல இருந்த மிஷின் எங்கப்பா?" என்றாள் வசந்தா.

"அதுங்களா..." தலையைச் சொறிந்தான். "ஒடைக்கத்தானுங்க எடுத்தேன். எங்கூட்டுக்காரி புடுங்கிட்டுப் போயிட்டா."

உள்ளே, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே அவன் மனைவி சின்னத்தாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கந்தல். எதிரே எங்கள் மிஷினின் தலைப்பகுதி, எண்ணெய் விட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி இறங்கியது.

"ஓடுதுங்க அக்கா," என்றாள், யாரென்றுகூடக் கேட்காமல். "நூல்தான் எப்படிக் கோக்கறதுன்னு தெரியல."

வசந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இப்படி இல்ல, இந்தக் கொக்கியில மாட்டிட்டு அப்பறம் கீழ கொண்டுவா." அரைமணி நேரம் நானும் மாதேசனும் வாசலில் நின்றோம். எழுந்து வந்தபோது வசந்தா சொன்னாள்: "ஏழு பேர் இல்லங்க, எட்டுப் பேர்." மாதேசன் மிஷினை மறுபடி பூட்டி, ஏணி முதலானவற்றோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

ஆனால் அறுபத்தொரு உருப்படிகள் தெருவில் நின்றன. பொட்டு இருக்கும்வரை தொடமாட்டேன் என்று மாதேசன் கையை விரித்துவிட்டான். அன்று மாலை, வீதியே வேடிக்கை பார்க்க, பைப்பும் சோப்புத் தூளுமாக நான் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவினேன். எண்ணெயில் குழைத்த குங்குமம் லேசில் போகாது என்பதை அன்று அறிந்தேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பக்கெட்டுகள் கண்ட முதல் குளியல். "கமோடு மூடிக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்கப்பா," என்று நித்யா மாடியிலிருந்து உத்தரவு போட்டாள். சாரதம்மா தன் சாமந்திப் பூவை வந்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் மாதேசன் வந்து அறுபத்தொன்றையும் அள்ளிக்கொண்டு போனான்.

விஜயதசமியன்று காலை ஒன்பது மணிக்குத் தையல் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். ஜன்னலைத் திறந்ததும் வெயில் நேராக மிஷின் மேல் விழுந்தது. அந்த அறைக்கு வெயில் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்று மூன்று மிஷின்கள், இரண்டு பேட்ச். காலை பேட்சுக்குச் சின்னத்தாயிதான் பாடம் நடத்துகிறாள். ரவிக்கையின் கை இடம் மாறிப்போனாலோ, கழுத்து கோணலாக வந்தாலோ அங்கே யாரும் 'வீணாகிவிட்டது' என்று சொல்வதில்லை. "அக்கா, இதுக்கொரு பொட்டு வெச்சுரலாமுங்களா?" என்று கேட்கிறார்கள். அத்தனை தொண்டைகளும் சிரிக்கின்றன. போன வாரம் நான் சட்டைப் பட்டன் அறுந்துவிட்டதென்று அறை வாசலில் போய் நின்றேன். ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வசந்தாவிடம் அதையே கேட்டாள்.

வசந்தா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தபடியே சொன்னாள்: "வேண்டாம்மா. இன்னும் கொஞ்சநாள் ஓடும்."