டிக்கெட்டுகளுக்குக் கவசம் பூட்டிய காதை

வாழ்க அவள் வலக்கை! கடைவாய்ப் பல்லைக் கண்ணிமைக்கும் பொழுதில் வேரோடு களையும் கை. அலறி வந்தாரை அரைவாய் மரத்த புன்னகையோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கும் கை. பல்லுக்குப் பகையாகவும் பல்லுடையார்க்குத் துணையாகவும் நெடுங்காலம் குறடேந்தி நின்ற கை. அந்தக் கைக்குரிய பல் மருத்துவர், தன் அக்காவுக்கென்று தானே செய்த ஒட்டுச் சித்திரத்தின்மேல் பூச வார்னிஷ் தேடிப் புறப்பட்ட வீரத்தைப் பாடத் துணிந்தோம். தூரிகையே, வண்ணமே, மூடி திறக்க மறுக்கும் சிறுபுட்டிகளே, எம் நாவில் வந்து அமர்வீர்! பசை மட்டும் சற்றுத் தள்ளியே உட்காரட்டும்.

போருக்குக் காரணம் யாதெனில், அக்காவுக்கு வேலை மாற்றல் வந்திருந்தது. மறுநாள் காலை அவள் வேறோர் ஊருக்குக் குடிபோகிறாள். ஞாயிறுதோறும் பிற்பகல் காட்சிக்கு அக்காவும் தங்கையும் ஒன்றாய்ச் சென்ற சினிமா டிக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்த தங்கை, அவற்றை ஒரு பலகையில் வரிசையாய் ஒட்டி, பின்னால் ஊதாநிற அக்ரிலிக் தீட்டி, சுண்ணக்கட்டியால் அந்திவானம் தேய்த்து, மருத்துவமனைப் பஞ்சுத்துணியால் திரைச்சீலை தைத்து, பாப்கார்ன் பையைக் கிழித்துக் கூரை வேய்ந்து, ஒரு திரையரங்கையே எழுப்பியிருந்தாள். ஆனால் டிக்கெட்டில் இருந்த எழுத்துகளோ நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருந்தன. அக்கா போவதைத் தடுக்க முடியாது, எழுத்து போவதையாவது தடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு உள்ளுக்குள் அழுகையாக இருந்தது.

எனவே கடை புகுந்தாள் காரிகை. அங்கே தட்டுத் தட்டாய் அணிவகுத்து நின்றன பூச்சுப் படைகள்: கண்ணைப் பறிக்கும் பளபளப்புப் படை, துறவிபோல் ஒளி துறந்த மேட் படை, இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டுங்கெட்டானாய் முழிக்கும் சாட்டின் படை, போதாக்குறைக்கு ஓரத்தில் உருண்டு திரண்ட ஸ்பிரே டப்பாக்கள். எது நல்லது என்று அவள் வினவ, கடைக்காரர் இருக்கையை விட்டு எழாமலே முழங்கினார்: "எல்லாமே நல்லா விக்குதுங்க மேடம்."

தேரோட்டியாய் உடன்வந்த கணவரோ, வாசலில் நின்று வேறொரு பிரகடனம் செய்தார்: "எதையாவது ஒண்ணை எடும்மா, வண்டியை எடுக்கச் சொல்லிப் பின்னாடி ஆள் கத்துறான்." அவள் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கினாள்.

வீடு திரும்பியதும், தேறுவது எது தோற்பது எது என்று காணும்பொருட்டு, ஒரு பழைய அட்டையில் வண்ணமும் சுண்ணமும் துணியும் பையும் ஒட்டிக் களம் அமைத்தாள். தூரிகையில் தோய்ந்து முதலில் பாய்ந்த பளபளப்பு, அட்டையின் அந்திவானத்தைத் தடவிய மாத்திரத்தில் சேற்றுக்குட்டை ஆக்கிற்று. மேலும், கணவரின் வழுக்கை அதில் தெள்ளத்தெளிவாய்த் தெரிந்தது. மேட் பூச்சு, காய்ந்தபின் கண்ணில் புரை விழுந்தாற்போல் வெளுத்தது. சாட்டின் இரண்டு குற்றங்களையும் பாதிப் பாதி செய்தது. எஞ்சி நின்றது ஸ்பிரே ஒன்றே.

டப்பாவின் முதுகில், எறும்பும் கண்ணாடி போட்டு வாசிக்கவேண்டிய எழுத்தில், 'பயன்படுத்திய ஒவ்வொரு பொருளிலும் முதலில் சோதிக்கவும்' என்றிருந்தது. எக்ஸ்ரே பாராமல் எவர் பல்லையும் தொடாத அந்த மாதரசி அவ்வாணைக்குப் பணிந்தாள். வண்ணம் தேறியது. சுண்ணம் தேறியது. துணி தேறியது, பையும் தேறியது. டிக்கெட்டுதான் பாக்கி. எதைப் பலியிடுவது? சிவந்த கண்ணோடு இருவரும் வெளியே வந்த ஞாயிறையா, மழையில் தொப்பலாய் நனைந்துபோய் உட்கார்ந்த ஞாயிறையா? ஒன்றைக்கூட அவளால் கொடுக்க முடியவில்லை. பையும் காகிதம், டிக்கெட்டும் காகிதம்தானே என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கியது மருத்துவருக்கு.

முகக்கவசம் பூண்டு, கையுறை மாட்டி, எச்சில் தெறிக்காமல் காக்கும் கண்ணாடியைக் களத்துக்கு ஏற்றவாறு இறுக்கி, பால்கனி எங்கும் செய்தித்தாள் விரித்து, டப்பாவை அவள் குலுக்கக் குலுக்க, உள்ளிருந்த குண்டு போர்முரசென அதிர, எதிர்வீட்டார் எட்டிப்பார்க்க, விசையை அழுத்தினாள் வீராங்கனை. சீறிப் பரவியது பூச்சு. அடுத்த கணம் முதல் டிக்கெட்டின் ஓரம் கறுத்தது, பிறகு நடு கறுத்தது, பிறகு வரிசை வரிசையாய் அத்தனையும் கறுத்தன. ஏனெனில் அவை மையால் அச்சிட்ட தாள்கள் அல்ல; சூடு பட்டால் கறுத்து எழுத்தாகும் மருந்து தடவிய தாள்கள். ஸ்பிரேயில் கலந்த திரவம் பட்டாலும் அந்த மருந்து முழுதாய்க் கறுத்துவிடும்.

"காய்ஞ்சா சரியாயிடும்மா," என்று அபயம் அளித்தார் கணவர். காய்ந்ததும் இன்னும் கறுத்தது. அவள் கவசங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து விசும்பினாள்.

அவ்வேளையில்தான் விடைபெற வந்தாள் அக்கா. பலகையின் முன் குனிந்து பார்த்தாள்.

"என்னடி இது, தியேட்டர்ல லைட்டை அணைச்ச மாதிரியே இருக்கு?"

"எல்லா டிக்கெட்டும் போச்சுக்கா. எந்தப் படம்னுகூட இனிமே தெரியாது."

"எனக்கு அப்பவே தெரியாதுடி. ஏசி காத்து பட்டதும் நான் தூங்கிடுவேன்."

"வெளிய வந்து கதையெல்லாம் பேசுவோமேக்கா!"

"நீ பேசுவே, நான் தலையாட்டுவேன். வாரம் பூரா வீட்டுல எனக்குத் தூக்கமே வராது. உன் பக்கத்துல உட்கார்ந்தாதான் வரும். எழுந்திரு, முகத்தைக் கழுவு. ஆறு மணி ஷோவுக்குப் போலாம்."

இதைக் கேட்டதும், இடி விழுந்த மரம் துளிர்த்தாற்போல் எழுந்தாள் இளையவள். முகம் கழுவி, முடி திருத்தி, காய்ந்தும் தேறாத கரும்பலகைக்குக் கணவரைக் காவல் நிறுத்தி, தோற்ற புட்டிகளையும் துரோகம் இழைத்த டப்பாவையும் திரும்பியும் பாராமல், தமக்கை முன்னும் தங்கை பின்னுமாய்ப் படியிறங்கி, கூட்டம் பிளந்து, வரிசை வென்று, இருள் நிறைந்த பேரரங்கின் இரு நாற்காலிகளில் அரியணை ஏறியதுபோல் அமர்ந்தார்கள் அந்த இரு பேரரசியரும்.

இடைவேளைக்கு முன்பே அக்கா தூங்கிவிட்டாள்.