வட்டம் சுற்றிய அலுவலகம்

மனித குலத்துக்குப் பொறுமையைப் போதிக்க அவதரித்த மகத்தான கருவி, அந்தக் காப்பீட்டு அலுவலகத்துக்கு வந்த புதிய மென்பொருள்தான். அது அலுவலகத்திலேயே இல்லை. மகான்களைப் போல எங்கோ தொலைதூரத்தில், கண்காணாத ஒரு கம்ப்யூட்டரில் வீற்றிருந்தது. இங்கே ஒரு எழுத்தைத் தட்டினால் அது அங்கே போய், சேவித்து, சாவகாசமாகத் திரும்பும். அதுவரை திரையில் ஒரு வட்டம் சுற்றும்.

பதிவுப் பிரிவு அக்கா காலையிலிருந்து அந்த வட்டத்தைத்தான் தரிசித்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் துணைக்கு மாப்பிள்ளை மட்டும். அவரோ ஊசியைக் கண்டாலே மயங்குகிற பேர்வழி. லீவு கேட்டு மென்பொருளில் போட்டாள். வட்டம் சுற்றியது. அக்கா மேலாளரின் மேசைக்கு ஓடினாள்.

"சார், வாயால 'போ'ன்னு சொல்லுங்க, ஓடிடறேன்."

மேலாளர் பதறினார். "ஐயோ அக்கா, வாயால சொல்ற காலமெல்லாம் மலையேறிப் போச்சு! எனக்குத் திரையில வரணும், நான் 'சரி' அமுக்கணும். அதுக்கு முன்னாடி கிளம்பினீங்கன்னா உங்க வேலைக்கே உலை வச்சிடும்."

நிர்வாகம் ஒன்றும் கல்நெஞ்சு இல்லை. 'பயனர் அனுபவம்' பற்றி அப்போதே அவசரக் கூட்டம் கூட்டியது. மென்பொருள் கம்பெனியின் நிபுணர் திரையில் தோன்றினார். முதலில் வாய் அசைந்தது, பிறகு குரல் வந்தது.

"லேட்டாகுதுங்க, அதான் பிரச்சினை" என்றாள் அக்கா.

"லேட் பிரச்சினையே இல்லம்மா. வட்டம் பார்க்க மொட்டையா இருக்கு. அதான் உங்களுக்கு எரிச்சல்."

மதியத்துக்குள் வட்டம் போய் ரோஜாப்பூ வந்தது. இதழ் இதழாக விரிந்தது. விரிந்து முடிந்ததும் மறுபடி மொட்டானது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்ப எப்படி இருக்கு அக்கா?"

"வயிறு எரியுது சார்."

"போகப் போகப் பழகிடும்."

போன் அடித்தது. பேசியது நர்ஸ். "பேத்தி பொறந்திருக்காம்மா! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. மாப்பிள்ளைக்குத்தான் இன்னும் தெளியல. உங்க பொண்ணு கடைசி வரைக்கும் 'அம்மா வந்துட்டாங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வாழ்த்துகள்!" என்றார் மேலாளர். "அப்ப லீவுக்குக் காரணமே தீர்ந்துபோச்சு. விண்ணப்பத்தை ரத்து பண்ணிடுங்க."

அக்கா 'ரத்து' என்ற இடத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: 'உங்கள் விடுப்பு ரத்து செய்யப்பட்டது. நன்றி.'

மேலாளரே அசந்துபோனார்.

"ஓடத் தெரியாத குதிரையில்ல சார் இது" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள் அக்கா. "கொடுக்கச் சொன்னாத்தான் நொண்டுது."