உங்கள் தங்கை ஏற முடியாத வண்டி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். யாவரும் என்பதில் இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம், நானும் நலமில்லை. அவ்விடம் தாங்களும் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், என் வீட்டு நிம்மதியும் சேர்ந்து இப்போது உங்கள் வீட்டில்தானே இருக்கிறது. முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்த கை உங்களுடையது. எட்டாம் வகுப்போடு மூட்டை தூக்கப் போனவன் எழுதுவதைச் சிவப்பு மையால் சுழிக்காமல் விஷயத்தை மட்டும் பாருங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை அங்கே வந்து இன்றோடு பத்தொன்பது நாள். "முட்டி வலி, கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லியிருப்பாள். முட்டி வலி உண்மை. ஆனால் அந்த வலிக்கு வயது பத்து. அந்தப் பத்து வருடமும் என் வண்டியில், என் பக்கத்து சீட்டில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். நடுவில் என்ன நடந்தது என்று அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஆகவே குற்றவாளியே வந்து சாட்சி சொல்கிறேன்.

என் பிக்கப் வண்டி உங்களுக்குத் தெரியும். நான் சிமெண்டும் கம்பியும் விற்கிறவன், ஊருக்கு வெளியே மலைச்சரிவில் வீடு கட்டுகிறவர்கள்தான் இப்போது என் வாடிக்கை, பாதையே இல்லாத இடத்தில்தான் காசுள்ளவனுக்கு வீடு வேண்டியிருக்கிறது, அங்கே போகும்போதெல்லாம் பாறையில் வண்டியின் அடிவயிறு உரசி, ஆயில் சட்டி உடைந்து, இரண்டு தடவை கயிறு கட்டி இழுத்துவந்தோம். எதிர்க்கடைக்காரன் தன் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டான் என்று கேள்விப்பட்டு நானும் மெக்கானிக்கிடம் போனேன். அவனுக்கு ஜாக்கி என்று பட்டப்பெயர். எதைக் கண்டாலும் தூக்கிப் பார்க்க வேண்டும் அவனுக்கு. அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்து இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுத்தான். உங்கள் தங்கையிடம் கேட்டுத்தான் செய்தேன். "ரெண்டு அங்குலம்தானே, கதவைப் பிடிச்சு ஏறிக்கறேன்" என்றாள். ஏறினாள். பாறை உரசவில்லை. எல்லாரும் நன்றாக இருந்தோம். கிடைத்த லாபத்தோடு எழுந்து வா என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். அன்றைக்கு எழுந்து வந்திருக்க வேண்டும்.

எதிர்க்கடைக்காரன் நாலு அங்குலத்துக்குப் போனான். ஜாக்கி ஒருநாள் டீ கிளாஸோடு கடைக்கு வந்து என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உதட்டைப் பிதுக்கினான். "அண்ணே, கட்டை வெச்சுத் தூக்குறது குதிகால் செருப்பு போடுற மாதிரி. உசரம் வரும், பலம் வராது. முழு செட்டா மாத்திடுவோம். புதுப் பட்டை, புது ஷாக், ஆறு அங்குலம். மழை வந்தா எதிர்க்கடைக்காரன் உங்க வண்டிக்கு அடியில வந்து ஒதுங்கணும்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் மச்சான் நான் விலைபோனேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அவள் வேண்டாம் என்றால் அது சரியாக இருக்கும், அதனால் சொல்லவில்லை.

வண்டி திரும்பி வந்தது. வந்த வேகத்தில் குடோன் ஷட்டரின் அடிவிளிம்பில் கேபின் மண்டை இடித்து, ஷட்டரும் நெளிந்தது, மேலே மாட்டியிருந்த போர்டும் ஒரு பக்கம் கழன்று தொங்கியது, அன்று முதல் வண்டி தெருவில்தான் படுக்கை. மூட்டை ஏற்றும் மேடை பழைய உயரத்துக்குக் கட்டியது, வண்டித் தளம் அதைவிட அரை அடி மேலே நிற்கிறது, லோடு ஏற்றும் மேஸ்திரி இடுப்பில் கைவைத்து "மொதலாளி, இதுக்கு எங்களுக்கும் ஆறு அங்குலம் தூக்கிக் குடுங்க" என்கிறான். பொழுது சாய்ந்து லைட்டைப் போட்டால் வெளிச்சம் தரையில் விழாமல் எதிர்வீட்டு மாடிக்குள் போகிறது. அங்கே இருக்கும் பெரியவர் இறங்கி வந்து, "தம்பி, நீ வண்டிய எடுத்தா எங்க வீட்ல ரெண்டாவது தடவ விடியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. ஜாக்கியைக் கேட்டால், "உசரம் ஏறிடுச்சுல்ல, கீழ போற ஷாஃப்ட் சாஞ்சு நிக்கும்ணே, பழகிடும்" என்கிறான். வண்டிக்குப் பழகுமா எனக்குப் பழகுமா என்று அவன் சொல்லவில்லை.

உங்கள் தங்கைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினேன். அதில் ஏறி, நான் பின்னாலிருந்து தாங்க, ஒரு வழியாக சீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு நான் ஸ்டூலை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து ஏற வேண்டும். ஒருநாள் முட்டிக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஸ்டூலை எங்கள் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் அவள் சீட்டில் உட்கார்ந்தபடி கீழே பார்க்கிறாள், நான் அண்ணாந்து பார்க்கிறேன். "ஏணிய எடுத்துட்டு மாடியில விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு" என்றாள். டாக்டர் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றே முட்டியை அழுத்திப் பார்த்தார். குனிந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணுக்கு நேராக முட்டி இருந்தது. அவள் அதற்கும் சிரித்தாள் மச்சான். அதனால் சொல்கிறேன், ஏற முடியாததற்காக அவள் போகவில்லை. இனி எழுதப்போவதைத்தான் மூன்று பக்கமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடையில் அவள் என்ன செய்வாள் என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். லோடு ஏற்றி முடிந்ததும் எழுந்து போய், பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் கையைப் படுக்கையாக வைப்பாள். நாலு விரல் நின்றால் முப்பது மூட்டை. மூன்று விரல் என்றால் எவனோ இரண்டு மூட்டை கூட ஏற்றியிருக்கிறான். விரல் தாராளமாகப் போனால் ஒன்று குறைகிறது. இருபத்திரண்டு வருடம் இந்தக் கை பொய் சொன்னதில்லை. கட்டை வைத்துத் தூக்கியபோதுகூட அந்த இரண்டு அங்குலத்தைக் கழித்துக் கணக்கைச் சரிசெய்துகொண்டாள். மூட்டையை எண்ணுகிறவனை ஏமாற்றலாம், பட்டை அமுங்குவதை எவன் ஏமாற்றுவான்? லோடுமேன்கள் அவளுக்கு வைத்த பெயரே எடைமேடை. மேஸ்திரி, "அக்கா, கை வெச்சிட்டீங்களா? கெளம்பலாமா?" என்று கேட்காமல் எந்த வண்டியும் என் வாசலைத் தாண்டியதில்லை. நான் தூங்கி எழுந்து வியாபாரியானவன் இல்லை. அந்த நாலு விரலின் மேல் நின்று ஆனவன்.

புதுப் பட்டை விறைத்த பட்டை. முப்பது மூட்டை ஏற்றினாலும் வணங்காமல் நிற்கிறது, மாப்பிள்ளை முறுக்கு. சக்கரத்துக்கு மேலே கை இல்லை, ஆளே நுழையலாம். அவள் முதல் நாள் கையை வைத்தாள், வெறும் காற்று. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மறுநாள் தையல் டேப்பை எடுத்துவந்து அளந்து ஒரு காகிதத்தில் குறித்தாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பத்து நாள் கழித்து மலைச்சரிவுக்கு அவசர லோடு. அன்றைக்கென்று கணக்குப் பையன் லீவு, எண்ண ஆளில்லை. இன்னும் அமுங்கவில்லை, இன்னும் அமுங்கவில்லை என்று அவள் ஏற்றச் சொல்ல, நாற்பத்திரண்டு மூட்டை ஏறிவிட்டது. ஏற்றத்தில் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்கதவுக் கொக்கி விட்டது, பன்னிரண்டு மூட்டை ரோட்டில் விழுந்து வெடித்தது, சொல்லிவைத்த மாதிரி தூறல் பிடித்துக்கொண்டது. அந்த ஏற்றத்தில் அரை ஃபர்லாங்குக்கு நான் என் செலவில் ரோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் யாரும் வந்து திறந்துவைக்கவில்லை.

நனைந்துபோய்த் திரும்பி வந்தேன். மேஸ்திரியும் மூன்று லோடுமேன்களும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வைத்து நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றி எழுதினால் அவளுக்குத் தெரிந்துவிடும். "உன் நாலு விரல எடுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள போ. இனிமே எடை மிஷின் பாத்துக்கும்."

மேஸ்திரி "மொதலாளி..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். உங்கள் தங்கை டேப்பைச் சுருட்டினாள். "சரி. மிஷின்கிட்டயே பேசிக்கிட்டு இருங்க" என்றாள். மறுநாள் முட்டி வலி அதிகமாகிவிட்டது.

மிஷின் வாங்கினேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. சிவப்பு எழுத்தில் எண் காட்டுகிறது. "இன்னைக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு, சாப்ட்டீங்களா இல்லையா?" என்று கேட்கமாட்டேன் என்கிறது. மேஸ்திரி இப்போதும் பழக்கதோஷத்தில் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு கல்லாவில் காலி நாற்காலியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறான். கடைச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் தின்றுவிட்டு எழுகிறேன். யாரோடு சண்டை போட்டு ஒதுக்குவது? வீட்டுச் சாவி இப்போது இரண்டும் என்னிடமே இருக்கிறது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் இருக்கிறதே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. என்னைப் போல வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவனுக்கு வாயால் வந்த நஷ்டம் வேறெதிலும் வந்ததில்லை.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது. வண்டியைப் பழையபடி இறக்கிவிட்டேன் என்று உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். ஜாக்கி ஆறு அங்குலத்தையும் கழற்றி, பழைய பட்டையையே மாட்டிவிட்டான். ஸ்டூல் இல்லாமல் ஏறலாம். நான் சொன்னது தப்பு என்றும் சொல்லுங்கள். அதை நானே சொல்வதைவிட வாத்தியார் வாயால் வந்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அவளை நல்லபடியாக பஸ் ஏற்றிவிடுங்கள், ஜன்னல் ஓரம் பார்த்து. நான் வரமாட்டேன். கடையை விட்டு நகர முடியாது என்பது ஒன்று. வாங்க வந்தவன் அவசரம் காட்டினால் விலை ஏறிவிடும் என்பது இன்னொன்று. தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்து, பெரிய ஆளாகி, எவனோடும் உயரத்துக்குப் போட்டி போடாமல் நன்றாக இருக்க வேண்டும். தங்கள் குடும்பத்தில் எல்லாருடைய முட்டியும் நூறு வயது வரை மடங்கி நிமிர வேண்டும் என்று கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்றுக் கடையில் எழுதியது. இது உங்கள் தெருமுனையில் எழுதுவது. வண்டியை இறக்கிவிட்டேன் என்பது பொய். ஜாக்கி பழைய பட்டையை அன்றைக்கே காயலான் கடையில் போட்டுவிட்டானாம், அவர்கள் அறுத்தும்விட்டார்கள். இனி இந்த வண்டி இந்த உயரம்தான். தபாலில் போட்டால் இரண்டு நாள் ஆகும் என்பதால் நானே எடுத்துவந்தேன். உங்கள் தெரு வாசலில் ஒரு இரும்புக் குறுக்குச் சட்டம் இருக்கிறதை மறந்துவிட்டேன். கேபின் அதில் முட்டி நிற்கிறது. முன்னால் போக முடியாது, பின்னால் தண்ணி லாரி. காகிதத்தை பானெட் மேல் வைத்து, எம்பி எம்பி எழுதுகிறேன். முனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடுங்கள், வாத்தியார் எதையும் சொல்ல வேண்டாம், சொன்னவனே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் தங்கை மாடியில் துணி காயப்போட வந்தாள். பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் நின்று முழுதாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். செருப்பு மாட்டப் போனாளா, கதவைச் சாத்தப் போனாளா தெரியவில்லை. எதுவானாலும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லியனுப்புங்கள் மச்சான், லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கமாட்டேன் என்கிறான்.